குழந்தைகளின் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு: உலக முயற்சிகளும் பெற்றோர் அறிய வேண்டியவையும்

பசியையும் ஊட்டச்சத்துக் குறைபாட்டையும் 2030-ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது, ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளுள் இரண்டாவதாகும். ஆயினும் 2022-இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 4.5 கோடி குழந்தைகள் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். அவர்களுள் 1.3 கோடிக்கும் மேற்பட்டோரின் மெலிவு கடுமையானது. இந்நிலை உயிருக்கு ஆபத்தானது. எனினும் உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

ஏன் ஆபத்தானது?

உணவு போதாதபோது உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை ஆகியவை கடுமையாகத் தாக்குகின்றன. நோயினால் பசி குறைந்து, மெலிவு மேலும் கூடுகிறது.

சிகிச்சையில் நிகழ்ந்த மாற்றம்

முன்னர் இக்குழந்தைகள் அனைவரும் பல வாரங்கள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. 1990-களில் நிலக்கடலை விழுது, பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் அடங்கிய சிகிச்சை உணவு உருவாக்கப்பட்டது. இதில் நீர் மிகக் குறைவாதலால் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை; சமைக்கவும் வேண்டியதில்லை. மலாவி, எத்தியோப்பியா, நைஜர் முதலிய நாடுகளில் இது பயன் தந்தது. இதன் தொடர்ச்சியாக, நல்ல பசியுடன் வேறு சிக்கல்களின்றி இருக்கும் குழந்தைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் ஆகியவை 2007-இல் கூட்டாக அறிவித்தன.

எவ்வாறு கண்டறிவது?

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவை நாடாவால் அளப்பர்.

• 11.5 செ.மீ.க்குக் குறைவு: கடும் குறைபாடு
• 11.5 செ.மீ. முதல் 12.5 செ.மீ.க்குள்: மிதமான குறைபாடு

இரு பாதங்களிலும் வீக்கம் இருந்து, விரலால் மூன்று விநாடிகள் அழுத்தியபின் குழி விழுந்தால், கையளவு எதுவாயினும் அது கடும் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். வீங்கிய குழந்தையைக் கொழுகொழுவென இருப்பதாகக் கருதிவிடாதீர்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• உணவையோ தாய்ப்பாலையோ மறுத்தல்
• மிகுந்த சோர்வு, வலிப்பு, உடல் சில்லிடுதல்
• தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல்
• இரு பாதங்களிலும் வீக்கம்

அவசர நிலையில் 108-ஐ அழையுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

மிகவும் மெலிந்த குழந்தைக்கு ஒரேயடியாக மிகுதியாக ஊட்டாதீர்கள். இதயமும் பிற உறுப்புகளும் அச்சுமையைத் தாங்கா. எனவேதான் மருத்துவமனையில் சிறிது சிறிதாக, இரவிலும் உணவளிக்கின்றனர். உப்பு-சர்க்கரைக் கரைசலின் அளவையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

எங்கே உதவி பெறலாம்?

நம் நாட்டில் 1975 முதல் செயல்பட்டுவரும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகளில் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. சிக்கலுள்ள குழந்தைகள் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில் சேர்க்கப்படுகின்றனர். எடை கூடியவுடன் சிகிச்சையை நிறுத்திவிடாமல், குறிப்பிட்ட நாள்களில் மறுபரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். குழந்தை மெலிவது பெற்றோரின் குற்றமன்று. தயக்கமின்றி உதவியை நாடுங்கள்.