நூலகத்திலிருந்து எழுந்த குரல்: அ. சிவானந்தனும் தோட்டப்புற வரலாறும்

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயில், பள்ளி, சங்கம், இதழ் ஆகியவற்றின் வரலாற்றையே எழுதுகின்றனர். இவை வேண்டுவனவே. எனினும், குடியேறிய நாட்டின் இனப்பாகுபாட்டை ஆராய்ந்து, பிற இனத்தாருடன் தோளிணைந்து அதை எதிர்த்த தமிழர் நம் பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். பிரித்தானியாவில் இனச் சமத்துவத்துக்காக அரை நூற்றாண்டு உழைத்த அம்பலவாணர் சிவானந்தன் அவர்களுள் ஒருவர். அவர் ஆங்கிலத்தில் எழுதியமையால் தமிழ் வகுப்பறைகளில் அவர் பெயர் மிகுதியும் ஒலிப்பதில்லை. அவர்தம் வாழ்வையும் கருத்தையும் சுருக்கமாக எடுத்துரைத்து, கெடா மாநிலத் தோட்டப்புற வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு அவை எவ்வாறு பயன்படும் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் சூழலும்

சிவானந்தன் 1923ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். தந்தையார் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயைச் சேர்ந்தவர். அஞ்சல் துறையில் பணியாற்றியவர். ஆங்கிலக் கல்வியால் அரசுப் பணி பெற்று உயர்ந்த யாழ்ப்பாணத்து நடுத்தர வகுப்பை நாமும் அறிவோம். மலாயா இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்தோர், தோட்டங்களில் கிராணிமாராய் இருந்தோர் எனப் பலர் அவ்வகுப்பினரே. சிவானந்தன் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று, 1945இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்றார். பின்னர் மலையகத்தில் ஆசிரியராகவும், இலங்கை வங்கியில் அதிகாரியாகவும் பணியாற்றினார்.

1958இல் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது. அவ்வாண்டே அவர் இலண்டனுக்குப் பெயர்ந்தார். அங்கு நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்களுக்கு எதிரான வெள்ளையரின் வன்செயல் வெடித்தது. தாம் பிறந்த மண்ணிலும் புகுந்த மண்ணிலும் ஒரே ஆண்டில் அவர் கண்ட இவ்விரு நெருப்புகளே அவர்தம் பிற்காலச் சிந்தனைக்கு வித்தாயின. வங்கி அனுபவம் இருந்தும் அதற்கேற்ற வேலை அங்குக் கிட்டவில்லை. ஆகவே நூலகத் துறையில் பயிற்சி பெற்றார். 1964இல் இலண்டன் இனவுறவுகள் ஆய்வு நிறுவனத்தின் தலைமை நூலகரானார்.

நிறுவனத்தை மாற்றிய நூலகர்

அந்நிறுவனம் பெருநிறுவனங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் பொருளுதவியால் நடந்தது. குடியேறிய கறுப்பின, ஆசிய மக்களை அது ஆய்வுப் பொருளாகக் கொண்டது. அம்மக்களை ஒடுக்கும் அரசையும் சட்டங்களையும் யார் ஆராய்வது என்று சிவானந்தனும் உடன்பணியாளர்களும் வினவினர். இப்பூசல் முற்றி, 1972ஆம் ஆண்டு நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் பெரும்பான்மையினர் பணியாளர் பக்கம் நின்றனர், ஆட்சிக்குழுவினர் விலகினர். பொருளுதவி சுருங்கியது. ஆனால் நிறுவனம் மக்கள் போராட்டங்களுக்குத் தொண்டாற்றும் அமைப்பாக மாறியது. சிவானந்தன் அதன் இயக்குநரானார். நிறுவனத்தின் ஆய்விதழ் 1974இல் ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. இனம், வர்க்கம் என்னும் இரண்டையும் பிரித்து நோக்கலாகாது என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

‘எ டிஃபரண்ட் ஹங்கர்’ (1982), ‘கம்யூனிட்டீஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ (1990) முதலிய கட்டுரைத் தொகுதிகளும், இலங்கையில் மூன்று தலைமுறையினரின் வாழ்வைச் சொல்லும் ‘வென் மெமரி டைஸ்’ (1997) என்னும் புதினமும் அவர் படைப்புகளுள் குறிப்பிடத்தக்கவை. 2018 சனவரி 3ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

கருத்தின் மையம்

தாங்கள் இங்கு வந்ததற்குக் காரணம், நீங்கள் அங்கு வந்ததே என்னும் பொருள்பட அவர் கூறியது பரவலாக அறியப்பட்டது. குடியேற்றத்தைப் பேரரசின் விளைவாக அது காட்டுகிறது. 1909இல் கெடா பிரித்தானியரின் ஆளுகைக்குள் வந்தபின் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1941 டிசம்பரில் ஜித்ராவில் சப்பானியரை எதிர்கொண்டு தோற்ற பிரித்தானியப் படையிலும் இந்திய வீரர்கள் பெருந்தொகையினராய் இருந்தனர். பால்மரம் வெட்டியவரையும் துப்பாக்கி ஏந்தியவரையும் இங்குக் கொணர்ந்த கை ஒன்றே.

அவரது இரண்டாவது கருத்து இன்னும் நுண்ணியது. பிரித்தானியக் குடிவரவுச் சட்டங்கள் குடியேறியவரைக் குடிமக்களாக ஏற்காமல், உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களைப் பேணும் செலவைத் தவிர்க்க வழிசெய்தன என 1976இல் அவர் எழுதினார். 1968ஆம் ஆண்டுச் சட்டம், பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த கென்ய இந்தியர்க்கும் கதவடைத்தது. அதே 1968இல் மலேசியாவில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமச் சீட்டு வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டையுடன் தலைமுறையாய் உழைத்த தமிழர் பலர் தமிழகம் திரும்பினர். இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதையும் இவற்றுடன் இணைத்து நோக்க வேண்டும். நாடுகள் வேறு, முறை ஒன்று.

தோட்டப்புறப் போராட்டங்கள்

இம்முறையை எதிர்த்த மரபு நமக்கும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் தமிழ்த் தொழிலாளர் சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டனர். துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கக் கோரினர். தலைமையேற்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1946–47இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்துக் காவல்துறையுடன் மோதியது. கூலி, மானம் ஆகிய இரண்டையும் ஒருங்கே கேட்ட இப்போராட்டங்களை இனவுணர்ச்சி என்றோ கூலிப் பூசல் என்றோ ஒன்றில் மட்டும் அடக்குதல் பொருந்தாது. சிவானந்தன் இனத்தையும் வர்க்கத்தையும் இணைத்து வகுத்த பார்வை இங்குக் கைகொடுக்கிறது.

முடிவுரை

தம் இனம் தாக்கப்பட்டதைக் கண்ட ஒருவர் தம் இனத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடுதல் இயல்பு. சிவானந்தன் அவ்வாறு ஒடுங்கவில்லை. ஆசியர், ஆப்பிரிக்கர், கரீபியர் அனைவரையும் ‘கறுப்பர்’ என்னும் அரசியற் பெயரின்கீழ் ஒன்றுபடுத்திக் கண்டார். இன்று நம் தோட்டங்களில் பெரும்பான்மையாய் உழைப்போர் இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தச் சீட்டுடன் வந்தவர்கள். நம் பாட்டன்மாரைப் போலவே அவர்களும் உழைப்புக்கு வேண்டப்பட்டு, உரிமைக்கு வேண்டாதவராய் நிற்கின்றனர். தோட்டப்புற வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, அதைத் தமிழர் பட்ட துயரின் பட்டியலாக மட்டும் நிறுத்திவிடுவோமாயின், இப்புதியவர்களை அவர்கள் அயலாராகவே காண்பர். அந்த அமைப்பு இயங்கும் முறையையும் சேர்த்துக் கற்பிப்போமாயின், அவர்களிடத்தே தம் முன்னோரைக் காண்பர். சிவானந்தனைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என நாம் கூறுவது இக்காரணம் பற்றியேயாகும்.