சோழியும் கவடியும்

சோழர் காலத்தில் காசாக வழங்கியதால் 'சோழி' என்று பெயர் வந்ததாம். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. இராசராசன் மாலத்தீவை வென்றதை இதற்குச் சான்றாக இழுக்கிறார்கள். சோழி அங்கே விளைந்தது உண்மை. 14ஆம் நூற்றாண்டில் அங்கு தங்கிய இபின் பதூதா, நத்தையைக் கரையில் குழிவெட்டிப் போட்டு, சதை அழிந்தபின் ஓட்டை எடுத்ததையும், வங்காளத்தாருக்கு அதைக் கொடுத்து அரிசி வாங்கியதையும் எழுதியிருக்கிறார். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் புழங்குபவை காசும் பொன்னும் மாடையும். 'சோகி' என்றும் சொல்கிறோமே. அதற்கு இந்த விளக்கத்தில் இடமே இல்லை.

என் அக்கறை இன்னொரு பெயரில்: கவடி. மைசூரில் இன்றும் 'கவடெ' என்கிறார்கள். அற்பத் தொகைக்குக் 'கவடெ காசு' என்பது கன்னட வழக்கு. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதுப்புதுப் பலகை ஆட்டங்களை வகுத்த ஊர் அது. அங்கே சவுக்காபாரா ஆட, ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, நான்கு கவடெயைக் குலுக்கி வீசுவார்கள். நான்கும் வாய் மேலாக விழுந்தால் நான்கு. நான்கும் கவிழ்ந்தால் எட்டு. ஆட்டம் முழுக்க அந்த வாயை நம்பித்தான் நடக்கிறது.

ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். முதுகு மினுமினுக்கும், உயிரோடிருக்கையில் நத்தை தன் சதைமடிப்பை வெளியே விரித்து ஓட்டைப் போர்த்திக்கொள்வதால் வந்த மெருகு அது. அடியில் நீளமாக ஒரு பிளவு, இரு விளிம்பிலும் பல்வரிசை. கவ்வுகிற வாயேதான். கவ்வு, கவை, கவடு, கவட்டை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை, கவடியும் அவற்றோடு சேர்ந்தது என்பது என் எண்ணம். கன்னடத்தில் பிரிந்துபோகும் பாதை 'கவலு தாரி'. சூது அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் 'கவறு' என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க நான் தயங்கமாட்டேன்; முதலில் உருட்டியது சோழியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வடமொழிக் 'கபர்த'த்திலிருந்து கவடி வந்தது என்பார் உண்டு. இருக்கு வேதத்தில் 'கபர்தின்' உருத்திரனுக்கு அடைமொழி. பின்னிய சடையுடையவன் என்று பொருள். அங்கே சடை இருக்கிறது, சோழி இல்லை.

சோழியின் இன்னொரு பெயரான 'பலகறை' முதுகைப் பார்த்து வைத்ததாக இருக்கலாம். கறை என்றால் புள்ளி. புள்ளியும் வரியும் மண்டிய பெரிய வகைகளுக்கே அது பொருந்தும். சித்த மருத்துவர் பற்பமாக்கும் பலகறையோ வெளிர்மஞ்சள் நிறச் சிறு சோழி. பெயர் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கியிருக்க வேண்டும். கவடி அப்படி இடம் மாறவில்லை. பெரிதோ சிறிதோ, எல்லாச் சோழிக்கும் அந்த வாய் உண்டு. தென்கடற்கரையில் அதைப் பார்த்துப் பிறந்த பெயர்தான் வடக்கே போய்க் கபர்தம் ஆயிற்று என்பது என் துணிபு.