எரியாத எரிகல்

இருட்டில் ஒரு கோடு கிழித்து மறைந்தால், ஊரில் 'நட்சத்திரம் விழுது' என்பார்கள். புறநானூற்று 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் கண்டு பதறியதும் ஒரு மீன் விழுவதைத்தான். கல்லின் நினைப்பே அங்கில்லை.

கிரேக்கத்திலும் இல்லை. 'மீட்டியோர்' என்பதன் வேர்ப்பொருள் 'உயரே தூக்கப்பட்டது'. மழை, காற்று, எரிமீன் எல்லாவற்றையும் அரிஸ்டாட்டில் அந்தத் தலைப்பில் அடக்கினார். ஆலங்கட்டிகூட ஒருகாலத்தில் மீட்டியோர்தான்! வானிலை இயலுக்கு 'மீட்டியராலஜி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அந்தப் பழைய உறவால்.

வானத்திலிருந்து கல் விழும் என்று 1794இல் கிளாட்னி என்ற ஜெர்மன் இயற்பியலாளர் எழுதியபோது பலர் நம்பவில்லை. 1803 ஏப்ரலில் பிரான்சின் லேகிள் ஊரில் பட்டப்பகலில் கல்மழை பெய்தது. பியோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் நேரில் போய் விசாரித்து உறுதிசெய்தார். பிறகு பெயர் மூன்றாகப் பிரிந்தது: விண்வெளியில் திரியும்போது மீட்டியராய்டு, ஒளிக்கோடு மீட்டியோர், தரையில் கிடைப்பது மீட்டியரைட்.

தமிழில் இவற்றுக்கு முறையே விண்கல், எரிகல், விண்வீழ்கல் என்று இருந்தும், முதல் இரண்டையும் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். எரிகல் என்பது பொருளின் பெயரல்ல, அதற்கு நேர்வதன் பெயர். பூமியில் நின்று பேசும்வரை இந்தக் குழப்பம் உறுத்தாது. வியாழன் பக்கம் போனால் உறுத்தும்.

1973 டிசம்பரில் வியாழனைக் கடந்த பயனியர் 10 விண்கலத்தில், வாயு அடைத்த சிறு அறைகள் வரிசையாக இருந்தன. மேல்தகடு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனம். நுண்கல் துளைத்தால் வாயு கசியும், அழுத்தம் இறங்கும், கணக்கில் ஒன்று ஏறும். தீயுமில்லை, ஒளிக்கோடுமில்லை, ஓர் ஓட்டை மட்டும்.

வியாழனின் சிறு நிலாக்களான மெட்டிஸ், அட்ராஸ்டியாவிலும் இதே கதை. அங்கே காற்று மண்டலம் இல்லை. வியாழனின் இழுப்பால் வேகம் கூடிவரும் கற்கள் நேரே மோதித் தூசி கிளப்புகின்றன. அட்ராஸ்டியாவின் குறுக்களவு சுமார் 16 கிலோமீட்டர்தான்; கிளம்பிய தூசியைப் பிடித்துவைக்க அதற்கு வலுவில்லை. தப்பிய தூசிதான் வியாழனைச் சுற்றி மெல்லிய வளையமாகக் கிடக்கிறது. இதைச் செய்தது எரிகல் என்றால் எப்படி? விண்கல் என்றால் சரி.

அந்த வளையத்தை 1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலம் படம் பிடித்தது. அதே நாட்களில் வியாழனின் இரவுப் பக்கத்தை எடுத்த படமொன்றில், மேகங்களுக்கு மேலே ஓர் ஒளிக்கோடும் விழுந்திருந்தது. அது மட்டும் எரிகல்.