வாங்க மறுப்பதன் வலிமை: தன்பாலினத் திருமண விவாதமும் நுகர்வோர் புறக்கணிப்பும், 1977–2023

முன்னுரை

2012 கோடையில் அமெரிக்காவின் கோழி உணவகத் தொடரான சிக்-ஃபில்-ஏ பெரியதொரு புறக்கணிப்பைச் சந்தித்தது. அதன் தலைவர் டான் கேத்தி தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகப் பேசியதும், அந்தக் குடும்பத்தின் அறக்கட்டளை அதே நோக்கமுடைய அமைப்புகளுக்கு நன்கொடை அளித்து வந்ததும் காரணங்கள். அந்த ஆண்டு அந்நிறுவனத்தின் விற்பனை குறையவில்லை. சுமார் 460 கோடி டாலராக உயர்ந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் இத்தாலிய பாஸ்தா நிறுவனமான பரில்லாவின் தலைவர் குய்தோ பரில்லா, தன்பாலினக் குடும்பத்தைக் காட்டித் தாம் விளம்பரம் எடுக்கப்போவதில்லை என்று வானொலியில் சொன்னார். புறக்கணிப்புக் குரல் எழுந்த சில நாள்களிலேயே அவர் மன்னிப்புக் கேட்டார். 2014 முடிவதற்குள், பால்புதுமையினரின் உரிமைக்காக உழைக்கும் மனித உரிமை இயக்கம் என்ற அமெரிக்க அமைப்பின் மதிப்பீட்டில் பரில்லா நூற்றுக்கு நூறு பெற்றது. இரண்டுமே குடும்பச் சொத்தான உணவு நிறுவனங்கள். இரண்டின் மீதும் சாட்டப்பட்டது ஒரே குற்றம். அப்படியிருக்க ஒன்று நிமிர்ந்து நின்றதும் மற்றது வளைந்துகொடுத்ததும் ஏன் என்ற கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

புறக்கணிப்பின் வெற்றி தோல்வியை விற்பனைக் கணக்கில் தேடுவது வழக்கம். அரை நூற்றாண்டு வரலாறு அந்தத் தேடலுக்கு அதிகம் விடை தருவதில்லை. நிறுவனத்தால் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு செயலைக் கோரிக்கை சுட்டிக்காட்டியபோதும், அந்தக் கோரிக்கையை நிறுவனத்துக்குள்ளேயே இருந்த ஊழியர், பங்குதாரர், கூட்டாளிகள் ஏந்திக்கொண்டபோதும் புறக்கணிப்பு பலித்தது. ஒருவரின் நம்பிக்கையையே குறிவைத்தபோது ஒன்று வீணாயிற்று, அல்லது வென்றும் தழும்பை விட்டுச் சென்றது. இதை நிறுவுவதே இங்கு என் முயற்சி.

வேலைத்தளத்திலிருந்து தொடங்கிய வழக்கு

தன்பாலினத் திருமணம் பொதுப் பேச்சுக்கு வருவதற்கு வெகு முன்பே, தன்பால் ஈர்ப்பாளர்கள் வாங்க மறுப்பதை ஆயுதமாக எடுத்திருந்தனர். 1970களில் கொலராடோவின் கூர்ஸ் பீர் ஆலை, வேலைக்கு வருவோரைப் பொய் கண்டறியும் கருவி முன் அமர்த்தி அவர்களுடைய பாலியல் நாட்டம் குறித்தும் கேட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் லாரி ஓட்டுநர் சங்கத்தின் ஆலன் பேர்ட், தன்பால் ஈர்ப்பாளர் உரிமைத் தலைவர் ஹார்வி மில்க்கின் உதவியை நாடினார். மில்க் உதவினார், பதிலுக்குத் தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு ஓட்டுநர் வேலை தரவேண்டும் என்று கேட்டார். அந்நகரின் மதுக்கூடங்களிலிருந்து கூர்ஸ் பீர் வெளியேறியது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1977இல் நாடு தழுவிய புறக்கணிப்பாக அதை ஏற்று, 1987 வரை நடத்தியது. 1995இல் அதே கூர்ஸ் தன் ஊழியர்களின் தன்பாலினத் துணைவருக்கும் மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்தியது.

1977இல் நடந்த ஆரஞ்சுச் சாறுப் புறக்கணிப்பு வேறு வகை. மயாமி நகரம் அடங்கிய டேட் கவுண்டியில், பாலியல் நாட்டத்தைக் காட்டி வேலையோ வீடோ மறுக்கக்கூடாது என்ற விதி ஜனவரியில் நிறைவேறியது. அதை நீக்கப் புறப்பட்டார் பாடகி அனிடா பிரையண்ட். அவர் ஃபுளோரிடா ஆரஞ்சுச் சாற்றின் விளம்பர முகமாகவும் இருந்தார். தன்பால் ஈர்ப்பாளர்களின் மதுக்கூடங்கள் ஆரஞ்சுச் சாறு கலந்த பானங்களை நிறுத்தி, ஆப்பிள் சாற்றைக் கலந்து கொடுத்தன. ஜூன் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரையண்ட் பெரும் வெற்றி பெற்றார், விதி நீங்கியது. ஆனால் 1980இல் அவருடைய விளம்பர ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வாக்குச்சாவடியில் தோற்ற தரப்பு கடைத்தெருவில் ஓரளவு மீண்டது. அரசியல் போராட்டமும் வணிகப் போராட்டமும் ஒரே திசையில் முடிய வேண்டியதில்லை என்பதற்கு இதுவே முதல் சான்று.

1991 ஜனவரியில் கிராக்கர் பேரல் உணவகத் தொடர், இயல்பான ஆண்-பெண் ஈர்ப்பு இல்லாதவர்கள் தம் கடைகளில் பணியாற்றக்கூடாது என்று எழுத்து மூலமாகவே அறிவித்துப் பலரை வேலையிலிருந்து நீக்கியது. தெருவில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதைவிட நீண்ட போராட்டம் பங்குதாரர் கூட்டத்தில் நடந்தது. ஆண்டுதோறும் பங்குதாரர்கள் தீர்மானம் கொண்டுவந்தனர். பங்குச்சந்தை ஆணையம் அத்தகைய தீர்மானத்தை ஒதுக்கிவைக்க நிறுவனத்துக்கு இடம் கொடுத்தது. பின்னர் 1998இல் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. 2002இல் பங்குதாரர்களில் பெரும்பான்மையினர் பாகுபாட்டுக்கு எதிராக வாக்களித்த பின்னரே நிறுவனத்தின் விதி மாறியது. வாடிக்கையாளர் வெளியே நின்று தட்டிய கதவை உள்ளே இருந்தவர்கள் திறந்தார்கள். இந்த மாதிரி பின்வந்த பல நிகழ்வுகளிலும் திரும்பத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பின் கையில் அதே ஆயுதம்

புறக்கணிப்பு ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று. டிஸ்னி தன் ஊழியர்களின் தன்பாலினத் துணைவருக்கு மருத்துவச் சலுகை அறிவித்ததைத் தொடர்ந்து, சுமார் ஒன்றரைக் கோடி உறுப்பினர்களைக் கொண்ட தென் பாப்டிஸ்ட் சபை 1997 ஜூனில் டாலஸில் கூடி டிஸ்னியைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அமெரிக்க வரலாற்றின் பெரும் புறக்கணிப்புகளில் ஒன்றாக அது இருந்திருக்க வேண்டும். டிஸ்னி சலுகையைத் திரும்பப் பெறவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2005இல் நாஷ்வில்லில் சபை தானாகவே புறக்கணிப்பை முடித்துக்கொண்டது. படம், தொலைக்காட்சி, பொம்மை, பூங்கா என வீட்டுக்குள்ளேயே பரவியிருந்த நிறுவனத்தை விலக்கி வைப்பது குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்குக் கடினம். அதைவிட முக்கியமாக, சலுகையைப் பெற்றுவந்த ஊழியர்களிடமிருந்து அதைப் பறிப்பது நிறுவனத்துக்கு ஒரு புதிய சண்டையை உள்ளேயே உருவாக்கியிருக்கும்.

இதோடு 2008இல் அமெரிக்கக் குடும்பச் சங்கம் மெக்டொனால்ட்ஸ் மீது நடத்திய புறக்கணிப்பை ஒப்பிடலாம். அந்நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் தன்பால் ஈர்ப்பாளர் வணிகச் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் இருந்ததே அதன் குறி. ஜூலையில் தொடங்கிய புறக்கணிப்பு, அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியதும் அக்டோபரில் முடிவுக்கு வந்தது. டிஸ்னியை எதிர்த்த இயக்கத்தின் ஆள்பலத்தில் சிறு பங்கே இதற்கு இருந்தது. ஆனாலும் கேட்டது சிறியது, குறிப்பானது, எந்த ஊழியரின் சம்பளத்தையும் தொடாதது, அதனால் கிடைத்தது. கோரிக்கையின் வடிவம் கூட்டத்தின் அளவைவிட வலியது என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

நன்கொடைப் பட்டியல் பொதுவெளிக்கு வந்தபோது

2008 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் எட்டாம் முன்மொழிவை 52 விழுக்காட்டு வாக்குகளால் ஏற்று, அம்மாநிலத்தில் அந்த ஆண்டுதான் சட்டபூர்வமாகியிருந்த தன்பாலினத் திருமணத்தை நிறுத்தினர். புறக்கணிப்பின் வரலாற்றில் இது திருப்புமுனை. காரணம் வாக்கு முடிவு மட்டுமன்று. 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவரின் பெயரையும் அவர் பணிபுரியும் இடத்தையும் அம்மாநிலச் சட்டம் வெளியிடச் செய்தது. லஞ்சத்தைத் தடுக்க வந்த அந்த வெளிப்படைத்தன்மை, எந்தக் கடையின் உரிமையாளர் எந்தப் பக்கம் என்பதை எவரும் தேடிப் பார்க்கும் ஏடாக மாறியது. சான் டியேகோவின் மான்செஸ்டர் கிராண்ட் ஹையத் விடுதி உரிமையாளர் டக் மான்செஸ்டர் 1,25,000 டாலர் கொடுத்திருந்தார். அவருடைய விடுதியைப் புறக்கணிக்க உரிமை இயக்கமும் விடுதித் தொழிலாளர் சங்கமும் கைகோத்தன. கூர்ஸ் காலத்தில் கண்ட கூட்டணிதான் இது. மறு ஆண்டு அவர் பால்புதுமையினர் அமைப்புகளுக்குப் பணமும் விடுதிச் சலுகையும் தர முன்வந்தார்.

2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் நிறுவனங்கள் தேர்தலுக்காகத் தம் நிதியைச் செலவிடலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே டார்கெட் என்னும் பேரங்காடி நிறுவனம், மினசோட்டா ஆளுநர் வேட்பாளர் டாம் எம்மரை ஆதரித்த குழுவுக்கு 1,50,000 டாலர் கொடுத்தது. வணிகக் கொள்கைக்காகக் கொடுத்ததாக நிறுவனம் விளக்கியது. ஆனால் எம்மர் தன்பாலினத் திருமணத்தை எதிர்ப்பவர். அதுவரை தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு நல்ல பணியிடம் என்று பெயர் வாங்கியிருந்த நிறுவனம் அது. தலைமைச் செயல் அலுவலர் கிரெக் ஸ்டைன்ஹேஃபெல் ஆகஸ்டில் எழுதிய வருத்தக் கடிதம் வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டதன்று, ஊழியர்களுக்கு எழுதப்பட்டது. அழுத்தம் எங்கே உறைத்தது என்பதை அந்த முகவரியே சொல்கிறது. 2014இல் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மனு அளித்த நிறுவனங்களோடு டார்கெட்டும் சேர்ந்தது.

2012: நடுநிலை முடிந்த ஆண்டு

2012இல் ஸ்டார்பக்ஸ் வாஷிங்டன் மாநிலத் திருமணச் சட்டத்தையும், ஜெனரல் மில்ஸ் மினசோட்டாவில் திருமணத் தடைத் திருத்தத்தை எதிர்ப்பதையும் வெளிப்படையாக ஆதரித்தன. தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் ‘திருமணத்துக்கான தேசிய அமைப்பு’ இரண்டையும் புறக்கணிக்க அழைத்தது, இரண்டும் பின்வாங்கவில்லை. மறு ஆண்டுப் பங்குதாரர் கூட்டத்தில் விற்பனை பாதிக்கப்பட்டதாக ஒருவர் குறை சொன்னபோது, ஸ்டார்பக்ஸ் தலைவர் ஹாவர்டு ஷுல்ட்ஸ் தம் முடிவுக்குக் காரணமாகத் தம் ஊழியர்களின் பன்மையைக் காட்டினார். 2012 நவம்பரில் மேய்ன், மேரிலாந்து, வாஷிங்டன் மாநிலங்களின் வாக்காளர்கள் தன்பாலினத் திருமணத்தை ஏற்றனர். மினசோட்டா தடையை நிராகரித்தது. 2015இல் ஓபர்கெஃபெல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது 379 நிறுவனங்களும் வேலையளிப்போர் அமைப்புகளும் ஆதரவு மனுவில் கையெழுத்திட்டிருந்தன.

இந்தப் பின்னணியில் தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். சிக்-ஃபில்-ஏவின் வேர் தென் மாநிலங்களில். ஞாயிறன்று கடையடைக்கும் அதன் வழக்கத்தை மதித்த வாடிக்கையாளர்கள் பலர். 2012 ஆகஸ்ட் 1 அன்று ஆர்கன்சா முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபியின் அழைப்பை ஏற்று அவர்கள் வரிசையில் நின்று வாங்கினர். புறக்கணித்தவர்களில் பலர் முன்பும் அங்கே அதிகம் வாங்கியிராதவர்களாக இருந்திருக்கலாம். தலைவரின் நம்பிக்கை மாறவேண்டும் என்பதை ஒரு நிறுவனம் எப்படி நிறைவேற்றும்? பரில்லாவோ உலகெங்கும் பேரங்காடி அடுக்குகளில் போட்டியாளர்களுக்கு நடுவே நிற்கும் பொருள். விளம்பரத்தில் யார் தோன்றுவர், ஊழியர் எப்படி நடத்தப்படுவர் என்பவை நிறுவனத்தால் முடிவெடுக்கக்கூடியவை. சிக்-ஃபில்-ஏ கதையின் பின்பகுதி இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. கேத்தி 2014இல், நிறுவனத்தை அந்த விவாதத்தின் அடையாளமாக்கியது தவறு என்றார். தம் கருத்து மாறவில்லை என்றும் சொன்னார். 2019இல், புதிய நகரங்களுக்கு விரியும் வேளையில், சர்ச்சைக்குள்ளான சில அமைப்புகளுக்கு நன்கொடையை நிறுத்துவதாக அதன் அறக்கட்டளை அறிவித்தது. நம்பிக்கை அசையவில்லை, நன்கொடை அசைந்தது.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: புறக்கணிப்பு மாற்றுக் கருத்தை நெரிக்கும் மிரட்டல் என்பது. இதற்குச் சட்டத்தின் விடை தெளிவானது. மிசிசிப்பியின் போர்ட் கிப்சன் நகரில் 1966இல் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்த வழக்கில், அமைதியான புறக்கணிப்பு அரசியல் பேச்சே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு குடிமக்களுக்கு உரியது. பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோ சிக்-ஃபில்-ஏவுக்குத் தம் நகரில் இடமில்லை என்று எழுதியபோதும், சிகாகோ மாமன்ற உறுப்பினர் ஒருவர் கடைக்கு அனுமதியைத் தடுப்பேன் என்றபோதும் எல்லை மீறப்பட்டது. தன்பாலினத் திருமணத்தை ஆதரித்த அமெரிக்கக் குடிமை உரிமைச் சங்கத்தின் இல்லினாய் கிளையே அதைக் கண்டித்தது. வாங்க மறுப்பது உரிமை. உரிமம் மறுப்பது அதிகாரத்தின் தவறான பயன்பாடு.

இரண்டாவது மறுப்பு கடினமானது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் தலைமைச் செயல் அலுவலராக 2014 மார்ச் 24இல் நியமிக்கப்பட்ட பிரெண்டன் ஐக், ஆறு ஆண்டுகளுக்கு முன் எட்டாம் முன்மொழிவுக்கு ஆதரவாக 1,000 டாலர் கொடுத்தவர். ஊழியர் சிலர் எதிர்த்தனர். ஓகேக்யூபிட் என்னும் துணை தேடும் தளம் ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களை வேறு உலாவிக்கு மாறச் சொன்னது. ஏப்ரல் 3 அன்று அவர் பதவி விலகினார். என் அளவுகோலின்படி இது வெற்றி. ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. மொசில்லா ஊழியரைப் பாகுபடுத்தவில்லை, நிறுவனத்தின் பணமும் செலவாகவில்லை. திருத்தக்கூடிய செயல் எதுவும் இல்லாத இடத்தில் மனிதரே விலக வேண்டியதாயிற்று. தன்பாலினத் திருமணத்துக்காகப் பல்லாண்டு வாதாடிய ஜோனதன் ராவ்ச், ஆண்ட்ரூ சல்லிவன் உள்ளிட்டோர் அந்த மாதமே கருத்து வேறுபாட்டின் உரிமையைக் காக்க அறிக்கை வெளியிட்டனர். நியாயம் அவர்கள் பக்கம். வேலையில் பாகுபாட்டுக்கு எதிராகத் தொடங்கிய ஓர் இயக்கம், கருத்துக்காக ஒருவர் வேலை இழப்பதைத் தன் சாதனையாக எண்ணலாகாது.

மூன்றாவது மறுப்பு: நிறுவனங்கள் மக்கள் கருத்தைத் தொடர்ந்தனவே தவிர அழுத்தத்துக்குப் பணியவில்லை என்பது. காலப் கணிப்பில் 1996இல் 27 விழுக்காடாக இருந்த ஆதரவு 2015இல் 60 ஆனது. காற்று அந்தப் பக்கம் வீசியது உண்மை. ஆயினும் கூர்ஸும் கிராக்கர் பேரலும் மாற வற்புறுத்தப்பட்ட தொடக்க ஆண்டுகளில் காற்று எதிர்த்திசையில் வீசியது. மேலும், காற்றைத் தொடரும் நிறுவனம் காற்று திரும்பினால் திரும்பும். 2023இல் ஒரு திருநங்கையோடு செய்த சிறு விளம்பரத்துக்காகப் புறக்கணிக்கப்பட்டு, பட் லைட் பீர் அமெரிக்கச் சந்தையின் முதலிடத்தை இழந்தது. அடுத்த அடுக்கிலேயே அதே விலையில் வேறு பீர் இருந்தது. நிறுவனமும் விளம்பரத்தில் தோன்றியவர் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. விற்பனை உண்மையாகவே சரிந்த அரிய நிகழ்வு இது. அதே ஆண்டு டார்கெட், ஊழியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பெருமை மாதப் பொருள்கள் சிலவற்றைக் கடைகளிலிருந்து அகற்றியது.

முடிவுரை

ஆகவே நுகர்வோர் புறக்கணிப்பை வெறும் கோபத்தின் வெளிப்பாடு என்று ஒதுக்குவதும், உரிமையைக் கொண்டுவரும் கருவி என்று போற்றுவதும் ஒருசேரப் பிழை. அது செயலைக் கேள்வி கேட்கும்போது நேர்மையானது. உள்ளே இருப்போர் துணை நிற்கும்போது வலிமையானது. மனச்சான்றைத் தண்டிக்கும்போது தன் நோக்கத்துக்கே பகையானது. அது பெற்றுத் தந்த பெரும்பயன், வேலைத்தளத்தில் ஒளிந்து வாழ்ந்தவர்கள் ஒளியாமல் பணியாற்ற முடிந்தது. திருமண உரிமையை அமெரிக்காவில் நிலைநாட்டியவை ஓபர்கெஃபெல் வழக்கின் 2015 ஜூன் 26 தீர்ப்பும் 2022 டிசம்பரில் கையெழுத்தான திருமண மதிப்புச் சட்டமும். கடை அடுக்கிலிருந்து ஒரு பருவத்தில் வந்ததை மறு பருவத்தில் எடுத்துவிடலாம். சட்டத்தில் எழுதியதை அத்தனை எளிதில் எடுக்க முடியாது. உரிமையை விரும்புவோர் எதை வாங்குகிறோம் என்பதில் கருத்தாக இருக்கட்டும். அதைவிட, எந்தச் சட்டத்தை எழுதுகிறோம் என்பதில் கருத்தாக இருக்கட்டும்.