அநீதியுள்ள உக்கிராணக்காரனும் கடன்பத்திரமும்

லூக்கா சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத் தொடக்கத்தில் இடம்பெறும் உவமை, யேசுவின் உவமைகளுள் உரையாசிரியர்களைப் பெரிதும் இடர்ப்படுத்திய ஒன்றாகும். செல்வனொருவனின் உடைமைகளை வீணடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பொறுப்பாளன், பதவியிழக்குமுன் கடனாளிகளை அழைத்து அவர்களது பத்திரங்களைக் குறைத்தெழுதச் செய்கிறான். நூறு பாத் எண்ணெய் ஐம்பதாகின்றது. நூறு கோர் கோதுமை எண்பதாகின்றது. எசமானோ அவனைத் தண்டியாது மெச்சுகிறான். களவைப் போற்றும் கதையையா யேசு கூறினார்? இவ்வினா சுவிசேஷ ஆசிரியரையே உறுத்தியது போலும். கதையின் பின்னே ஒன்றோடொன்று முற்றும் இசையாத விளக்கங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவை மூன்று தனித்தனிப் பிரசங்கங்களுக்கான குறிப்புக்கள் போலுள்ளன என்பார் சி. எச். டொட்.

தமிழ் வாசகருக்கு மேலும் ஓர் இடர் உண்டு. பழைய மொழிபெயர்ப்பிலுள்ள 'உக்கிராணக்காரன்' என்னும் சொல், பண்டசாலைத் திறப்பு வைத்திருக்கும் சிற்றூழியனையே மனக்கண்முன் நிறுத்துகின்றது. கிரேக்க மூலத்தின் 'ஒய்கொனொமொஸ்' என்பவனோ எசமானின் பெயரிற் கடன் கொடுக்கவும் பத்திரம் எழுதுவிக்கவும் அதிகாரம் பெற்ற முகவன். கடன்களும் சிறியனவல்ல. இரு தள்ளுபடிகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 தினாரியம் பெறுமதியின எனக் கணித்தார் ஜெரமியாஸ். ஒரு தினாரியம் கூலியாளின் ஒருநாட் கூலியாகும்.

யாத்திராகமம், லேவியராகமம், உபாகமம் ஆகிய மூன்றும் இஸ்ரவேலன் தன் இனத்தானிடம் வட்டி வாங்குவதை விலக்கின. எனினும் விலக்கு வேறு, வழக்கு வேறு. ஏழாம் ஆண்டிற் கடன்கள் நீங்கவேண்டும் என்ற விதியைக் கடப்பதற்கு ஹில்லேல் காலத்திலேயே 'புரொஸ்புல்' என்னும் பத்திரமுறை வகுக்கப்பட்டிருந்தது. அயல்நாடாகிய எகிப்தின் பப்பிரசு ஏடுகள் தானியக் கடனுக்கு 50 வீத வட்டி வழங்கியதைக் காட்டுகின்றன. முதலையும் வட்டியையும் ஒரே தொகையாக எழுதிவிடும் பத்திரங்களும் அவற்றுள் உள.

இந்து சட்ட ஆய்வில் வல்லவரான டங்கன் டெரெற் 1961இல் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்திற் புதிய ஒளி பாய்ச்சிற்று. கடன்படுவோனிடம் எண்ணெயோ கோதுமையோ சிறிதளவேனும் இருப்பின், அவன் பெறுவது வட்டிக்கடன் ஆகாதெனச் சட்ட அறிஞர் சலுகை கண்டிருந்தனர். விளக்கெரிக்கும் எண்ணெயில்லாத வீடு ஏது? ஆகவே முகவன் நீக்கியது பத்திரத்துள் மறைந்திருந்த வட்டியே என்றார் டெரெற். ஐம்பது முதலுக்கு ஐம்பது வட்டி, எண்பதுக்கு இருபது. எசமான் அதனை மறுத்தால் தான் வட்டி வாங்கியதை ஊரறிய ஒப்புக்கொள்ள நேரும். ஏற்றாலோ பக்திமான் என்ற பெயர் கிட்டும். 1964இல் எழுதிய பிற்ஸ்மையர், குறைக்கப்பட்டது முகவனது சொந்தத் தரகு என்றார். இவை கடனல்ல, குத்தகை என்பது 1976இல் கென்னத் பெய்லி கொண்ட முடிபு.

டெரெற்றின் விளக்கமே பத்திரத்தின் இயல்புக்கு மிக நெருங்கி வருகின்றது. ஆயினும் அது முகவனை அளவுக்கு மிஞ்சி வெளுத்துவிடுகிறது. மூலம் அவனை அநீதியின் முகவன் என்றே அழைக்கிறது. அவன் தன் பிழைப்பை நாடினானேயன்றிக் கடனாளியின் துயரை எண்ணியதாகக் கதையில் இல்லை. ஆனால் அடுத்த வசனம் செல்வத்தையும் அதே 'அதிகியா' என்னும் சொல்லாற் சுட்டுவதை உரைகாரர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அநீதி முகவனது கைக்கு மட்டும் உரியதன்று. அவன் திருத்துமுன்னரே பத்திரத்தில் அது எழுதப்பட்டிருந்தது. சட்டத்துக்கு ஒத்த ஏடு நேர்மையான ஏடாகிவிடுமா என்பதே இவ்வுவமை எழுப்பும் வினாவெனக் கொள்ளலாம்.

அவ்வேடுகள்மீது மக்கள் கொண்டிருந்த வெறுப்பைப் பிற்கால நிகழ்ச்சியொன்று புலப்படுத்துகின்றது. கி.பி. 66இல் உரோமருக்கெதிரான கிளர்ச்சி மூண்டபோது, கிளர்ச்சியாளர் எருசலேமின் ஆவணக்களரிக்குத் தீயிட்டனர். வட்டிக்கடைக்காரரின் பத்திரங்களை அழித்துக் கடனாளிகளைத் தம் பக்கம் சேர்ப்பதே அவர்களது நோக்கம் என எழுதுகிறார் ஜோசீபஸ்.