சான்றுத்தாளும் கடல்கடந்த தமிழரும்
(கடவுச்சீட்டு, நுழைவிசைவு ஆகியவற்றின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு)

1. தோற்றுவாய்

சென்னையில் மயிலாப்பூரை அடுத்துள்ள மந்தைவெளி, தன் பெயரிலேயே ஆனிரை மேய்ந்த வெளி என்னும் பழம்பொருளைத் தாங்கி நிற்பது. இன்று அவ்வூர்த் தெருக்களில், மகனோ மகளோ கடல்கடந்து வாழாத இல்லங்களைத் தேடிக் காணவேண்டும். அவ்வில்லங்களின் பெட்டிகளில் நிலப்பத்திரங்களுக்கு நிகராகப் போற்றப்படுவன கடவுச்சீட்டு ஏடுகள், பிறப்புச் சான்றுகள், திருமணப் பதிவுத் தாள்கள் முதலியனவாம். காலம் முடிந்த ஏட்டை அயல்நாட்டு இந்தியத் தூதரகத்தில் புதுப்பித்தலும், குடியேற்ற நுழைவிசைவுக்கான நேர்காணலுக்கு ஆவணங்களைத் திரட்டுதலும் இக்குடும்பங்களுக்கு இயல்பான கடமைகளாகிவிட்டன.

இவ்வழக்கம் தொன்மையானதன்று, ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றைத் தமிழர் புலப்பெயர்வோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். "நீ யார்? அதற்குச் சான்று யாது?" என்னும் ஒரே வினா, ஒரு சாராருக்கு வாழ்வின் வாயிலாகவும் மற்றொரு சாராருக்கு நாடிழக்கும் வழியாகவும் அமைந்தது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

2. பண்டைய நிலை

பண்டங்களுக்கு முத்திரையிடும் வழக்கம் தமிழர்க்குப் பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பொருள்கள்மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கௌடிலீயரின் அர்த்தசாத்திரமோ மக்களுக்கே முத்திரைச் சீட்டு வழங்கும் அதிகாரி ஒருவனை முத்திராத்தியட்சன் என்னும் பெயரால் குறிப்பிட்டு, சீட்டு ஒன்றுக்குப் பெறத்தக்க கட்டணத்தையும் வரையறுக்கின்றது. எனினும், எல்லை கடக்கும் ஒவ்வொருவனும் தன் நாட்டரசு அளித்த ஏட்டை ஏந்திச் செல்லவேண்டும் என்னும் பொதுவிதி பண்டைக்காலத்தில் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய வணிகரும், இரங்கூனில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரும் இத்தகைய ஏடு இல்லாமலேயே சென்று வந்தனர்.

கூலித்தொழிலாளர் நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்க்கு, எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத்துண்டு ஒன்று வழங்கப்பட்டது. அத்துண்டு அவர் செல்லவேண்டிய தோட்டத்தைக் காட்டியதேயன்றி அவர் பெயரைக் காட்டவில்லை. வழியில் ஆன செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. ஆகவே தமிழர் பலர் முதன்முதல் ஏந்திய பயணச் சான்று, அவரை இன்னாரென அறிவிக்கும் ஏடன்று. இன்ன தோட்டத்துக்கு உரியவரென அறிவிக்கும் அடையாளமேயாம். இவ்வேறுபாடு பின்னர் எழுந்த துன்பங்களுக்கு வித்தாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் இதே வினா போராட்டமாக வெடித்தது. திரான்சுவாலில் ஆசியர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெறவேண்டும் என்று 1907-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1908 ஆகஸ்டு 16-ஆம் நாள் சோகனிசுபர்க்கு நகரில், காந்தியடிகள் தலைமையில் இச்சீட்டுகள் தீயிலிடப்பட்டன. தம்பி நாயுடு முதலிய தமிழ்மக்கள் அவ்வறப்போரில் முன்னின்றனர். இசைவுச்சீட்டின்றி எல்லை கடந்து சிறைப்பட்ட தில்லையாடி வள்ளியம்மை 1914-இல் உயிர்நீத்தார். சான்றுத்தாளைப் பெறுவதற்காக மட்டுமன்றி, இழிவு கற்பிக்கும் தாளை மறுப்பதற்காகவும் தமிழர் போராடினர் என்பது இதனால் பெறப்படும்.

3. கடவுச்சீட்டின் தோற்றம்

முதல் உலகப்போர் எல்லைகளை இறுக்கியது. இந்தியாவில் 1917-இல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கடவுச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. போர் முடிந்தபின், நாட்டுக்குள் நுழைதல் பற்றிய கடவுச்சீட்டுச் சட்டம் 1920-இல் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே உலக நாடுகள் சங்கம் பாரிசில் கூட்டிய மாநாடு, முப்பத்திரண்டு பக்கங்கள் கொண்ட ஏட்டை எல்லா நாடுகளுக்கும் பொது அமைப்பாகப் பரிந்துரைத்தது. போர்க்கால ஏற்பாடு என்று கருதப்பட்டது நிலைத்துவிட்டது.

விடுதலைக்குப் பின்னரும் கடவுச்சீட்டு வழங்குவது அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே நெடுநாள் இருந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி என்பார் தொடுத்த வழக்கில், 1967 ஏப்பிரல் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மூவர் இருவர் என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அயல்நாடு செல்லும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தன்னுரிமையில் அடங்கும் என்றும், சட்டத்தின் அடிப்படையின்றி அதனை மறுத்தல் ஆகாது என்றும் தலைமை நீதிபதி சுப்பாராவ் முதலியோர் கூறினர். அத்தீர்ப்பின் விளைவாகவே 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. மறுப்பதாயின் எக்காரணங்களால் மறுக்கலாம் என்பது அதில் வரையறுக்கப்பட்டது. மேனகா காந்தி வழக்கில் 1978-இல் வெளிவந்த தீர்ப்பு, கைப்பற்றும் முறையும் நேர்மையுடையதாக இருத்தல் வேண்டும் என்று மேலும் வலியுறுத்தியது. இவ்வாறு, ஒருகால் அரசின் கருணையாக இருந்த ஏடு குடிமகனின் உரிமையாக மலர்ந்தது.

4. மயிலைப் பகுதியும் அமெரிக்க நுழைவிசைவும்

சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தூதரகத் தொடர்பு 1794-இல் வில்லியம் ஆபட் என்பாரின் நியமனத்தோடு தொடங்குவது. எனினும் அந்நாட்டின் வாயில் இந்தியர்க்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை விலக்கப்பட்ட மண்டலமாக்கியது. பகத்சிங் திண்ட் வழக்கில் 1923-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், இந்தியர் குடியுரிமை பெறத்தக்கவர் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலேறுமுன்னரே அயல்நாட்டிலுள்ள தூதரக அலுவலரிடம் விசா பெறவேண்டும் என்னும் முறையை நிலைநாட்டியது. இன்று நேர்காணல் எனப்படுவதன் வேர் அம்முறையிலேயே உளது.

மயிலாப்பூரில் வளர்ந்த வானியற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். ஆயினும் இந்தியர்க்குக் குடியுரிமை வழி திறந்த சட்டம் 1946-இல்தான் வந்தது; அதுவும் ஆண்டுக்கு நூறுபேருக்கே குடியேற இடமளித்தது. சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகனானார். 1965 அக்டோபர் 3-ஆம் நாள் கையெழுத்தான சட்டமே உண்மையில் வாயிலைத் திறந்தது. இனமும் பிறப்பிடமும் பற்றிய பழைய பங்கீடு ஒழிந்து, உறவும் தொழிற்றிறமும் அடிப்படையாயின. நாடொன்றுக்கு இருபதாயிரம் என்னும் உச்சவரம்பு வகுக்கப்பட்டது. 1968 சூலை முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதனையடுத்து மருத்துவரும் பொறியாளரும், அவர்வழி உடன்பிறந்தாரும் பெற்றோரும் சென்னையிலிருந்து பெருகிச் செல்லத் தொடங்கினர்.

1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், விசாவுக்குத் தகுதி உண்டு என மெய்ப்பிக்கும் பொறுப்பை விண்ணப்பிப்பவர் மீதே சுமத்துகின்றது. நேர்காணலுக்கு ஆயத்தம் செய்தல் என்பது இச்சுமையைத் தாளால் தாங்குதலேயாம். பிறப்பு, திருமணம், காவல்துறை நற்சான்று, மருத்துவச் சோதனை, வருவாய் உறுதிமொழி என ஆவணங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும். கடவுச்சீட்டின் காலம் இடையில் முடியுமாயின் புதிய ஏட்டோடு பழைய ஏட்டையும் காட்டுதல் நலம். ஏனெனில் முந்தைய பயணங்களும் விசாக்களும் பழையதிலேயே உள.

முன்னாளில் அதே ஏட்டில் முத்திரையிட்டுக் காலத்தை நீட்டினர். இன்று பழையது நீக்கப்பட்டுப் புதிய எண்ணுடன் வேறோர் ஏடு வழங்கப்படுகின்றது. கையால் எழுதப்பட்ட ஏடுகள் 2015 நவம்பரோடு உலகப் பயணத்துக்கு ஏற்கப்படாவாயின; நீண்டகாலச் செல்லுபடியுடைய பழைய ஏடுகளை வைத்திருந்த அயலகத் தமிழர் பலர் அக்காலத்தே புதுப்பிக்க நேர்ந்தது.

5. பெயர் என்னும் சிக்கல்

இவ்விடத்துத் தமிழ்ப் பெயர்முறை பற்றி ஒரு கருத்து கூறத்தக்கது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் என ஒன்று பொதுவாக இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்தே முன்னிற்கும். கடவுச்சீட்டுப் படிவமோ குடும்பப்பெயர், இடுபெயர் என இரண்டு கட்டங்களை உடையது. தலையெழுத்து விரிக்கப்படும்போது தந்தை பெயரே மகனுக்குக் குடும்பப்பெயராகின்றது. அவன் மகனுக்கு வேறொன்றாகின்றது. ஒரே குடும்பத்தார் மூன்று தலைமுறையில் மூன்று குடும்பப்பெயர் உடையராகத் தோன்றுவர். ஒற்றைப்பெயர் உடையவர்க்கு அமெரிக்க விசாவில் இடுபெயர்க் கட்டத்தில் 'எப். என். யூ.' என்று பொறிக்கப்படும். 'முதற்பெயர் அறியப்படாதது' என்பது அதன் பொருள். பெற்றோர் இட்டு ஊரார் அழைத்த பெயர், அறியப்படாத பெயராக ஏட்டில் ஏறுகின்றது.

பிறப்புப் பதிவிலும் இத்தகைய இடைவெளி உண்டு. குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்யப்படும். பெயரிடுதல் பின்னரே நிகழும். ஆகவே பழைய பதிவுகள் பலவற்றில் பெயர்க்கட்டம் வெறுமையாகவே உள்ளது. இந்தியா முழுமைக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன் பிறந்தோர் பலர் பள்ளி இறுதிச் சான்றையும், பிறப்பை அறிந்த மூத்தோரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் கொண்டே தம் பிறப்பை மெய்ப்பிக்கின்றனர்.

6. மலையகத் தமிழர் நிலை

இவ்வளவும் மந்தைவெளியார்க்கு இயன்றது, பள்ளியும் நகராட்சிப் பதிவேடும் வழக்கறிஞரும் அருகில் இருந்தமையால். இனி, அவை இல்லாத இடத்தில் அவ்வினா என்ன செய்தது என்று காண்போம்.

இலங்கை விடுதலை பெற்றபின், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், அத்தீவில் முன்பே பிறந்தவரும் தந்தையின் பிறப்பையோ, பாட்டன் பூட்டன் ஆகியோரின் பிறப்பையோ அத்தீவில் காட்டவேண்டும் என்றது. தோட்டத்தின் லயன் வீடுகளில் பிறந்தவர் தந்தையின் பிறப்புப் பதிவை எங்ஙனம் காட்டுவர்? 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம் வேறொரு வழியைத் தந்தது. திருமணமானோர் 1946-க்கு முன் ஏழாண்டும், ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்கவேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டே தவணை. தோட்டத்துப் பேர்ப்பட்டியலும் அலுவலர் நடத்திய விசாரணையுமே அவர்க்கு நேர்காணலாயின. தாயகத்துக்கு நீண்டநாள் சென்று வந்தது 'இடையறாமை'க்கு இடையூறாயிற்று. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் மக்களுக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே.

எஞ்சியோர் எந்நாட்டுக் குடியும் அல்லராயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். இவர்தம் விருப்பம் கேட்கப்படுமுன்னரே எண்ணிக்கை முடிவாகிவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் இலங்கையில் 1988-இலும் 2003-இலும் இயற்றப்பட்ட பின்னரே, அங்குத் தங்கியோர் துயர் பெரிதும் நீங்கியது. தாயகம் திரும்பியோருள் பலர்க்குத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் நீலகிரியில் வாழ்வளித்தது. அவர்க்குக் கடவுச்சீட்டு போவதற்கான இசைவாகத் தோன்றவில்லை. பிறந்த மண்ணிலிருந்து புறப்படுவதற்கான கட்டளையாகவே தோன்றியது.

7. முடிவுரை

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பிடுங்கால் ஓர் உண்மை தெளிவாகும். மந்தைவெளியாரும் மலையகத்தாரும் கூறிய உண்மையில் வேறுபாடு இல்லை. இருவரும் தாம் பிறந்த இடத்தையும் வாழ்ந்த காலத்தையுமே கூறினர். வேறுபாடு அவ்வுண்மையை எழுதிவைத்தவர் யார் என்பதில் உளது. ஒருவர் பிறப்பைப் பள்ளியும் நகராட்சியும் எழுதின. மற்றவர் இருப்பைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கூலிக்காக எழுதினார். முன்னையது உரிமைக்குச் சான்றாயிற்று. பின்னையது உழைப்புக்கு மட்டுமே சான்றாயிற்று. மெய்ப்பிக்கும் சுமையை ஏழை எளியோர்மேல் ஏற்றும் சட்டம், எழுதப்படாதவனை இல்லாதவனாகவே கொள்ளும் என்பது இதன் பயனாகப் பெறப்படும் முடிவு.

கல்வெட்டும் செப்பேடும் போலவே, குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கும் காலம் முடிந்த கடவுச்சீட்டு ஏடுகளும், தகரத்துண்டுகளும், தோட்டப் பட்டியல்களும் தமிழர் வரலாற்றுக்கு மூலங்களாம். அவை செல்லரித்து அழியுமுன் திரட்டிப் பதிப்பித்தல் பல்கலைக்கழகங்களின் கடமை. தம் வீட்டு மூத்தோரின் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பயண ஆண்டு ஆகியவற்றை இன்றே எழுதிவைப்பது, நாளைய நேர்காணலுக்கும் நாளைய ஆராய்ச்சிக்கும் ஒருங்கே பயன்படும்.