அமெரிக்க மாநிலங்களில் மக்கள் வாக்கெடுப்பு: வாக்களித்த பின் நடப்பது என்ன?

2010 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில வாக்காளர்கள் ஆளுநரை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில நீதிமன்றங்கள் சர்வதேசச் சட்டத்தையோ இஸ்லாமிய ஷரீஅத் சட்டத்தையோ கருத்தில் கொள்ளக் கூடாது என்ற அரசியல் சாசனத் திருத்தத்துக்கும் அன்று அவர்கள் வாக்களித்தார்கள். சுமார் 70 சதவீதம் பேர் ஆதரித்தனர். ஆனால் அந்தத் திருத்தம் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. ஏன் என்பதை அறிய, இந்த வாக்கெடுப்பு முறை எப்படி இயங்குகிறது என்று முதலில் பார்ப்போம்.

இரண்டு வழிகள்

வரி, கல்வி, குடும்பச் சட்டம், குற்றவியல் சட்டம், தேர்தல் நடைமுறை போன்றவற்றில் அமெரிக்க மாநிலங்களுக்குப் பெரும் அதிகாரம் உண்டு. வழக்கமாக மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றும்; ஆளுநர் கையெழுத்திடுவார். இதைத் தவிர, வாக்காளர்களிடமே நேரடியாக முடிவைக் கேட்பதும் உண்டு. அதற்கு இரண்டு வழிகள்.

முதலாவது, மக்களே கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை முன்வைப்பது. ஏறத்தாழ பாதி மாநிலங்களில்தான் இந்த உரிமை உள்ளது. கலிஃபோர்னியாவில் 1911 முதல் இருக்கிறது. அங்கே சாதாரணச் சட்டம் என்றால், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீத அளவுக்குக் கையெழுத்து வேண்டும். அரசியல் சாசனத் திருத்தம் என்றால் 8 சதவீதம்.

இரண்டாவது, சட்டமன்றமே ஒரு திருத்தத்தை நிறைவேற்றி மக்களின் ஒப்புதலுக்கு அனுப்புவது. டெலவேர் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் சாசனத்தைத் திருத்த மக்கள் வாக்கு அவசியம். ஓக்லஹோமா திருத்தம் இந்த இரண்டாவது வழியில் வந்ததே. அதாவது, அது மக்கள் கையெழுத்திட்டுக் கேட்டதல்ல. சட்டமன்ற உறுப்பினர்கள் கொண்டு வந்தது.

வாக்கெடுப்பின் வலிமை

ஒரே நாள் வாக்கு பல பத்தாண்டுகளின் கொள்கையைத் தீர்மானித்துவிடலாம். 1978-ல் கலிஃபோர்னியா மக்கள் சொத்து வரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். வரிக்கான மதிப்பீடும் சொத்து கைமாறும் வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்றானது. வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி கிடைத்தது. பள்ளிகளும் உள்ளாட்சிகளும் மாநில அரசின் நிதியை அதிகம் நம்பியிருக்கும் நிலை வந்தது.

சட்டமன்றம் சுருக்கலாம்

மக்கள் தந்ததைச் சட்டமன்றம் சுருக்கிய நிகழ்வும் உண்டு. 2018-ல் ஃப்ளோரிடா வாக்காளர்களில் 64 சதவீதத்துக்கும் அதிகமானோர், தண்டனையை முடித்த முன்னாள் கைதிகளுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தந்தார்கள். கொலை, பாலியல் குற்றங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ஆனால் 2019-ல் சட்டமன்றம் வேறொரு சட்டம் இயற்றியது. அபராதமும் நீதிமன்றக் கட்டணங்களும் செலுத்தி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகக் கருதப்படும் என்றது அது. 2020-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. பணம் கட்ட முடியாத ஏழைகள் மீண்டும் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

நீதிமன்றம் தடுக்கலாம்

ஓக்லஹோமாவில் நடந்தது வேறு. வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களுக்குள் முனீர் அவத் என்ற முஸ்லிம் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார். தம் வஸிய்யத்தில் ஷரீஅத் நெறிகளைச் சுட்டியிருப்பதால், தம் மரணத்துக்குப் பின் நீதிமன்றம் அதை முழுமையாக நிறைவேற்ற முடியாமல் போகும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. தம் மார்க்கத்தை மட்டும் சாசனமே கண்டிப்பதாகவும் அவர் முறையிட்டார். நீதிமன்றம் உடனே தடை விதித்தது. 2012 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. ஒரு மதத்தைப் பெயர் சொல்லிப் பாகுபடுத்துவதற்குத் தகுந்த காரணம் வேண்டும் என்றது. ஆனால் அந்த மாநில நீதிமன்றங்களில் ஷரீஅத் சட்டம் பயன்படுத்தப்பட்ட ஒரு வழக்கைக்கூட அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. 2013 ஆகஸ்டில் தடை நிரந்தரமானது. எத்தனை பேர் வாக்களித்தாலும், அமெரிக்க அரசியல் சாசனம் ஒரு தனிமனிதருக்குத் தந்த உரிமையை மாநில வாக்கெடுப்பால் பறிக்க முடியாது என்பதே இவ்வழக்கின் சாரம்.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. கான்சாஸ் 2012-ல் இயற்றிய சட்டமும், அலபாமா மக்கள் 2014-ல் ஏற்ற திருத்தமும் எந்த மதத்தையும் பெயர் சொல்லவில்லை. பொதுவாக 'வெளிநாட்டுச் சட்டம்' என்றே பேசின. சொற்கள் மாறியதும் அவற்றை எதிர்த்து வழக்காடுவது கடினமானது.

எனவே இத்தகைய வாக்கெடுப்புச் செய்தியைப் படிக்கும்போது சதவீதத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. முன்வைத்தவர்கள் மக்களா, சட்டமன்றமா? அது சாதாரணச் சட்டமா, சாசனத் திருத்தமா? அதன் சொற்கள் யாரைத் தொடுகின்றன? இந்தக் கேள்விகளைக் கேட்டால்தான் அந்த முடிவு நிலைக்குமா, சுருங்குமா, வீழுமா என்பதை நாம் ஓரளவேனும் கணிக்க முடியும்.